கோமளாக்கா சொல்லும் 'நான்'

போன மாதம் ஒரு கல்யாணப் பேச்சு எங்கள் ரயில் பெட்டியில் உடைந்து போனது.

ஜோசியர் வீட்டில் உடைவது உண்டு. நகைக்கடை வாசலில் உடைந்ததையும் கேள்விப்பட்டிருக்கிறேன். ரயிலில் எப்படி உடையும் என்று கேட்பீர்கள்... அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

எழுதலாமா என்று சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டேன். எழுது, பேரை மட்டும் மாத்திடு என்றார்கள். மாற்றிவிட்டேன். ஒருத்திக்கு மட்டும் நான் வைத்த பேர் பிடிக்கவில்லை. 'கொஞ்சம் மாடர்னா வெச்சிருக்கலாம் இல்ல' என்று இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள்.

மாரிக்குப்பத்தில் கிளம்பி பெங்களூரு போகிற காலை ரயிலைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பே எழுதியிருக்கிறேன். நான் சாம்பியன் ஸ்டேஷனில் ஏறுவேன். பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் எனக்கு வேலை. போர்வைகளை மடிக்க வேண்டும், அடுக்க வேண்டும். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. எனக்கென்றே செய்த வேலை மாதிரி.

லேடீஸ் பெட்டியில் எல்லோரும் தினமும் போகிறவர்கள். கார்மென்ட்ஸ், ஆஸ்பத்திரி, ஹோட்டல், வீட்டு வேலை. தங்க மைன்ஸ் மூடிய பிறகு எங்கள் ஊருக்குச் சோறு போடுவது இந்த ரயில்தான்.

இந்த ரயிலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. பெண் எடுக்கிற வீட்டார் எங்கள் ஊரில் தெருவுக்குப் போய் விசாரிக்க மாட்டார்கள். போனால் ஒன்றும் தேறாது. மைன்ஸ் ஆட்களுக்காகக் கட்டிய லைன் வீடுகளில் சுவருக்குச் சுவர் சொந்தம். யாரைக் கேட்டாலும் நல்ல குடும்பம் என்றுதான் சொல்வார்கள். அதனால் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு ரயிலில் ஏறிவிடுவார்கள். பெண்ணும் பெண்ணின் அம்மாவும் இருக்கிற பெட்டியில், யாரென்று சொல்லாமல் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்வார்கள்.

யார் ஜன்னலுக்குச் சண்டை போடுகிறாள்? யார் பிள்ளைத்தாய்ச்சிக்கு இடம் விடுகிறாள்? யார் பக்கத்தில் இருப்பவள் டப்பாவில் கை விடுகிறாள்? ஒரு பயணம் போதும். வீட்டில் ஆயிரம் நடிக்கலாம். காலை ரயிலில், தூக்கக் கலக்கத்தில், நிற்க இடம் இல்லாதபோது யாராலும் நடிக்க முடியாது. அதனால் ரயிலில் பார்த்ததும் கேட்டதும் சத்தியம் என்று ஊரில் ஒரு நம்பிக்கை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால்... எங்கள் பெட்டியில் கோமளாக்கா இருக்கிறார்.

ஸ்கெலட்டன் லைனில் வீடு. கணவர் போய்ப் பல வருஷம் ஆயிற்று. பெங்களூரில் அக்கா பார்க்காத வேலை இல்லை, ஏறாத அபார்ட்மென்ட் இல்லை. ஒரே மகள் யமுனா. இங்கிலீஷ் எம்.ஏ. படித்துவிட்டு பங்காரப்பேட்டையில் ஒரு தனியார் காலேஜில் பாடம் நடத்துகிறாள். அவளும் இதே ரயிலில்தான் வருவாள். பங்காரப்பேட்டையில் இறங்கிவிடுவாள்.

மகள் இறங்கி, ரயில் நகர்ந்ததும், கோமளாக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்காருவார். நாங்கள் எல்லோரும் கொஞ்சம் நெருங்கி உட்காருவோம். அக்கா 'நான்' என்று ஆரம்பித்தால் அவ்வளவுதான். ஒயிட்ஃபீல்டு வந்தது கூடத் தெரியாது.

ஃபிரிட்ஜ் கதையைக் கேளுங்கள். ஒரு வீட்டில் மேடம் ஃபிரிட்ஜைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாராம். அக்கா ஒருநாள் காலையில் ஃபிரிட்ஜ் முன்னால் கண்ணை மூடி நின்றார். என்ன என்று மேடம் கேட்டார். ஒன்றுமில்லை மேடம், எங்கள் ஊரில் பூட்டுப் போட்ட பெட்டியைக் கிழக்குப் பார்த்து வைக்க மாட்டார்கள், வீட்டு ஆம்பளைக்குப் பிரமோஷன் தங்காது என்பார்கள் என்றார் அக்கா. சாயங்காலம் பூட்டு போயிற்று. மறுநாள் அக்கா திராட்சை சாப்பிட்டார். அதற்கு மறுநாள் பாதாம் பால். இதில் வேடிக்கை, ஐயாவுக்கு நிஜமாகவே பிரமோஷன் வந்துவிட்டது. மேடம் அக்காவுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தார்.

நர்ஸ் கதை இன்னொன்று. ஒரு ஏஜென்சிக்காரன் வெள்ளைக் கோட்டைக் கொடுத்து, இனிமேல் நீ சிஸ்டர் என்று ஒரு பெரியவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். பி.பி. மெஷினைப் பார்க்கத் தெரியாது. பெரியவர் திட்டினால் பிரஷர் அதிகம், திட்டாவிட்டால் நார்மல் என்று சொல்லிக்கொண்டே நாளை ஓட்டியிருக்கிறார். கடைசியில் பெரியவரே கூப்பிட்டு மெஷின் பார்க்கக் கற்றுக்கொடுத்தாராம். தன் திட்டுகளை இவ்வளவு பொறுமையாகக் கேட்கிற ஆளை இழக்க அவருக்கு மனசில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே கல்யாண மண்டபக் கதை. இதை மாதம் ஒருமுறையாவது சொல்லச் சொல்லிக் கேட்போம். கட்டியிருப்பது இரவல் பட்டுப்புடவை. வாசலில் பெண் வீட்டார் நின்றால் மாப்பிள்ளைப் பக்கம் என்பது, மாப்பிள்ளை வீட்டார் நின்றால் பெண் பக்கம் என்பது. உள்ளே போய்ப் பந்தியில் உட்கார்ந்து இலை போட்டாயிற்று. எங்கள் பக்கத்துப் போளியான ஒப்பட்டு வருகிற நேரம் யாரோ ஓடிவந்து கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஆரத்தி எடுக்க ஒரு ஆள் குறைகிறதாம்.

"பசியில கை நடுங்குது, கைல இருக்கிற தட்டு நடுங்குது. பொண்ணோட அம்மா என்னப் பாத்துட்டு பக்கத்துல சொல்றா... பாவம், இன்னா பாசம் பாரு, கண்ணெல்லாம் கலங்கிப் போச்சுன்னு."

இந்த இடத்தில் பெட்டியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் அந்தக் கதை கோமளாக்காவின் கதை இல்லை.

எங்கள் பெட்டியில் ஒரு பழக்கம் உண்டு. யாரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்ட பழக்கம் இல்லை, தானாக வந்தது. பெங்களூரில் நமக்கு ஏதாவது நடக்கும். வெளியே சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் நெஞ்சில் நிற்கும். அதைச் சாயங்கால ரயிலில், கதவோரம், கோமளாக்காவிடம் சொல்லிவிடுவோம். மறுநாளோ அடுத்த வாரமோ, பங்காரப்பேட்டை தாண்டியதும் அக்கா அதைச் சொல்வார். 'நான்' என்று ஆரம்பித்து. அழுதுகொண்டே கொடுத்ததை அவர் சிரிக்கிற மாதிரி ஆக்கித் திருப்பிக் கொடுப்பார். கொடுத்தவளும் கூட்டத்தோடு உட்கார்ந்து சிரிப்பாள். அது யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. அதுதான் பழக்கம்.

மண்டபத்துக்குப் போனவளை எனக்குத் தெரியும். கதவோரம் அவள் அழுதபோது பக்கத்தில் நின்றிருந்தேன். வேலை போனதை வீட்டில் சொல்ல முடியாமல், வழக்கம்போல டப்பா கட்டிக்கொண்டு தினமும் ரயிலேறிக்கொண்டிருந்தாள். ஒருநாள் டப்பாவில் வைக்கவும் ஒன்றுமில்லை. மேளச் சத்தம் கேட்ட பக்கம் கால் போய்விட்டது. இன்று நல்ல வேலையில் இருக்கிறாள். அவள் மாமியாருக்கு இது தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. நான் பேரைச் சொல்ல மாட்டேன்.

சரி, கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன்.

எங்கள் ஊரிலேயே மைசூர் மைன்ஸ் பக்கத்திலிருந்து யமுனாவுக்கு ஒரு வரன் வந்தது. பையன் பேர் சதீஷ், ஒயிட்ஃபீல்டில் கம்பெனி வேலை. பார்க்க வந்தவர்களை எல்லாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த யமுனா, இவனோடு வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் பேசிவிட்டு உள்ளே வந்து, சரி என்று தலையாட்டினாள். கோமளாக்கா அன்று எங்கள் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்.

சதீஷுக்கு அம்மா இல்லை. வளர்த்தது அத்தை சரோஜாம்மா. அத்தை சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம்.

அந்த அத்தை ஒருநாள் டிக்கெட் வாங்கிக்கொண்டு எங்கள் பெட்டியில் ஏறிவிட்டார். யாருக்கும் தெரியவில்லை. மெரூன் பார்டர் புடவை, மடியில் ஒயர் கூடை. பங்காரப்பேட்டை வரைக்கும் யமுனாவையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். யமுனா எழுந்து ஒரு பாட்டிக்கு இடம் விட்டதைப் பார்த்திருப்பார். இறங்கும்போது அம்மாவின் பையைத் தூக்கி மேலே வைத்ததையும் பார்த்திருப்பார்.

அதோடு அவரும் இறங்கியிருக்கலாம்.

அன்றைக்கு அக்கா நல்ல உற்சாகத்தில் இருந்தார். மகளுக்குக் கல்யாணம் கூடி வருகிற சந்தோஷம். ஃபிரிட்ஜைச் சொன்னார், நர்ஸைச் சொன்னார், யாரோ கேட்க மண்டபத்தையும் சொன்னார். மெரூன் பார்டர் அம்மாள் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்ததை நானே பார்த்தேன். யாரோ புதுசு, நல்லா ரசிக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாளில் தரகர் வழியாகச் சேதி வந்தது. பொண்ணு தங்கம், அம்மா பிராடு, நமக்குச் சரிப்படாது.

அவர் மேல் தப்பு சொல்ல முடியுமா? ரயிலில் கேட்பது சத்தியம் என்பது ஊர் வழக்கம். கோமளாக்கா சொல்கிற 'நான்' பல பேர் சேர்ந்தது என்பது எங்கள் பெட்டி வழக்கம். இரண்டு வழக்கமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டன.

மறுநாள் சாம்பியன் பிளாட்பாரத்தில் யமுனா என்னிடம் வந்தாள். கண் வீங்கியிருந்தது. ஆனால் அவள் அழுததைப் பற்றிப் பேசவில்லை.

"ஆண்டி, எங்கம்மா சொல்ற மாதிரி கதைக்கு லிட்ரேச்சர்ல ஒரு பேரு இருக்குது. பிகாரெஸ்க். அத வெச்சு அத்தைக்கு எடுத்துச் சொன்னா புரிஞ்சிக்குவாங்க. நீங்க கூட வாங்க. நீங்க பத்திரிகைல எழுதறவங்க, நம்புவாங்க."

அந்த வார்த்தையை நான் வாயில் வைத்துப் பார்த்தேன். வரவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். நான் தமிழ் மீடியத்தில் பத்தாவது படித்தவள். அதனால் அவள் ரயிலில் வரும்போது எனக்குச் சொன்னதை, எனக்குப் புரிந்த மாதிரி உங்களுக்குச் சொல்கிறேன்.

ஸ்பெயின் நாட்டில் 'பிகாரோ' என்று ஒரு சொல். போக்கிரி, கில்லாடி, பிழைக்கத் தெரிந்த ஏமாற்றுக்காரன் என்று அர்த்தம். கொலைகாரன் இல்லை, பெரிய கொள்ளைக்காரனும் இல்லை. சில்லறைத் திருட்டு, சில்லறைப் பொய். அப்படிப்பட்டவனே தன் கதையைத் தானே சொல்கிற மாதிரி எழுதுவதுதான் பிகாரெஸ்க். நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த நாட்டில் தொடங்கியதாம்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? அங்கேதான் எனக்குப் பிடித்துப்போனது. யாருக்கும் உறுதியாகத் தெரியாதாம்! குத்துவது, நறுக்குவது என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து வந்தது, முதலில் சமையலறையில் காய் நறுக்கிய எடுபிடிகளைத்தான் அப்படிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை, பிரான்ஸில் ஓர் ஊர்ப்பக்கத்தின் பெயரிலிருந்து வந்தது என்று வேறு சிலர். போக்கிரியைப் போலவே அந்தச் சொல்லுக்கும் நிலையான விலாசம் கிடையாது போல. அந்த வகையில் முதலில் வந்த கதைப் புத்தகத்தில் எழுதியவர் பேர் கூட இல்லையாம். உள்ளே 'நான் நான்' என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்த நான் யாரென்று இன்றுவரைக்கும் தெரியாது!

இந்தக் கதைகளில் ஆள் ஏழையாகத்தான் பிறப்பான். பசிதான் அவனைக் கிளப்பிவிடும். ஒரு முதலாளியிடம் வேலைக்குச் சேருவான். அவர் சோறு போடாமல் வேலை வாங்குவார். இவன் ஏதாவது தந்திரம் செய்து சாப்பிடுவான். மாட்டிக்கொள்வான். அடுத்த முதலாளி. அங்கே அடுத்த தந்திரம். பூ கட்டுகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். எங்கே வேண்டுமானாலும் அறுக்கலாம், எங்கே வேண்டுமானாலும் சேர்க்கலாம். போகிற போக்கில் அந்த முதலாளிகளின் லட்சணம் எல்லாம் வெளியே வந்துவிடும். பூட்டிய ஃபிரிட்ஜை யாருக்குத் தெரியும்? மேடத்துக்குத் தெரியும், வேலைக்காரிக்குத் தெரியும். மேடம் வெளியே சொல்ல மாட்டார்.

இந்த வகைக்கு இந்தப் பெயரைப் பிறகு வந்தவர்கள்தான் வைத்தார்களாம். தமிழில் என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். போக்கிரிக் கதை என்றால் கொஞ்சம் முரடாக இருக்கிறது. எங்கள் பக்கத்தில் 'சரியான எமகாதகி' என்பார்கள். பாதித் திட்டு, பாதிப் பாராட்டு. எமகாதகக் கதை என்று வைத்துக்கொள்ளலாமா? நல்ல சொல் கிடைத்தால் எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மைசூர் மைன்ஸ் போனோம். யமுனா, கோமளாக்கா, நான்.

இந்தப் பத்தியின் மேலே என் போட்டோ வருகிறது இல்லையா? அதில் நான் தைரியமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அதை நம்பித்தான் யமுனா என்னைக் கூட்டிப் போனாள். நேரில் நான் எப்படி என்று பஸ் கண்டக்டரைக் கேட்டால் சொல்வார். டிக்கெட் கேட்கவே எனக்குக் குரல் எழும்பாது.

சரோஜாம்மா மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். காபி கொடுத்தார். சதீஷ் உள் அறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

யமுனா நன்றாகத்தான் பேசினாள். ஸ்பெயினிலிருந்து ஆரம்பித்து, பசி, முதலாளி, தந்திரம் என்று வரிசையாகச் சொன்னாள். இது உலகம் முழுக்க மதிக்கிற இலக்கியம், எங்கம்மா படிக்காமலே அதைச் சொல்கிறார் என்றாள். வகுப்பில் பாடம் எடுக்கும்போது இப்படித்தான் இருப்பாள் போல. எனக்குப் பெருமையாக இருந்தது.

அத்தை கடைசி வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நல்லா சொன்னம்மா. எனக்கு ஒண்ணுதான் புரியல. பேரு வெச்சா திருட்டுச் சாப்பாடு நல்ல சாப்பாடு ஆயிடுமா?"

யமுனா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் கேக்கறது இவ்வளோதான். நாளைக்கி எங்க வூட்டுக் கல்யாணத்துல சம்பந்தியம்மானு இவங்கள நிக்க வெப்பேன். அப்ப எவளாவது வந்து, இவங்க அன்னிக்கு எங்க மண்டபத்துல திருட்டுத்தனமா சாப்பிட்டவங்கதானேனு கேட்டா, நான் எங்க மூஞ்சிய வெச்சிக்கறது? சொல்லுங்க. அன்னிக்கு மண்டபத்துல சாப்ட்டது இவங்களா, இல்லியா?"

கோமளாக்கா தரையைப் பார்த்தார். யமுனா அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தை இன்னொருத்தியின் பேரில் போய் முடியும்.

"காபி நல்லாருக்குங்க" என்றேன்.

வாசகர்களே, இவ்வளவு வருஷமாக வாராவாரம் எழுதுகிறவள் பேசிய பேச்சு இது.

திரும்பி வரும் வழியில் யமுனா அம்மாவோடு சண்டை போட்டாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. அவள் வாழ்க்கை அது. அது உன்னோட கதை இல்லன்னு எனக்குத் தெரியும்மா, அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று கேட்டாள்.

கோமளாக்கா நடந்துகொண்டே கேட்டார்.

"என்னுது இல்லன்னா, அப்ப யாருதுன்னு கேப்பாங்க இல்ல? அதுக்கு இன்னா சொல்றது?"

"தெரியலன்னு சொல்லு."

"தெரியும் கண்ணு."

அதற்குமேல் யமுனா கேட்கவில்லை. தூரத்தில் மைன்ஸ் கழிவு குவிந்த சைனைடு மேடு வெயிலில் வெளிறிக் கிடந்தது.

அதற்கப்புறம் பெட்டியில் கதை நின்றுபோனது. பங்காரப்பேட்டை வரும். யமுனா இறங்குவாள். ரயில் நகரும். நாங்கள் பழக்க தோஷத்தில் நெருங்கி உட்காருவோம். அக்கா பையிலிருந்து பீன்ஸை எடுத்து நார் உரித்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். யாரும் எதுவும் கேட்க மாட்டோம். ஒயிட்ஃபீல்டு இவ்வளவு தூரமா என்று அப்போதுதான் தெரிந்தது.

யாருக்கு என்ன நடந்தாலும் அதை வைத்துக்கொண்டே போனோம், வைத்துக்கொண்டே வந்தோம். கதவோரம் யாரும் நிற்கவில்லை.

ஒருநாள் காலை, மைசூர் மைன்ஸ் சரோஜாம்மா மறுபடி ஏறினார். விசாரிக்க இல்லை. கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பெங்களூர் ஆஸ்பத்திரியில் மறுபடி காட்டப் போகிறார். சதீஷ் ஏற்றிவிட்டு அடுத்த பெட்டிக்கு ஓடினான். கூட்டம். கம்பியைத் தேடி அவர் கை அலைந்தது.

கோமளாக்கா எழுந்தார். அவர் கையைப் பிடித்துத் தன் ஜன்னல் இடத்தில் உட்கார வைத்தார். பேசவில்லை. பங்காரப்பேட்டையில் இறங்கும்போது யமுனா, வெளிச்சம் கண்ணில் படாமல் இருக்க அந்த ஜன்னலின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனாள்.

ரயில் நகர்ந்தது. பீன்ஸ் நார் உரிகிற சத்தம்தான்.

திடீரென்று பத்மா தொண்டையைச் செருமினாள். கார்மென்ட்ஸில் சூப்பர்வைசர். நூறு பேரை அதட்டுகிறவள்.

"நான் ஒரு வாட்டி கல்யாண மண்டபத்துக்குப் போனேன்" என்று ஆரம்பித்தாள். "இரவல் பட்டுப்பொடவ. மயில் கழுத்துக் கலரு."

கோமளாக்காவின் கை நின்றது.

பத்மா முழுக்கச் சொன்னாள். பந்தி, ஒப்பட்டு, ஆரத்தி. அக்கா அளவுக்கு வரவில்லை. அவசரமாகச் சொன்னாள். சிரிக்கிற இடத்தில் அவளே முதலில் சிரித்துவிட்டாள். முடிப்பதற்குள் எதிர் பெஞ்சிலிருந்து தேவி குறுக்கே வந்தாள்.

"நீ எங்கடி போன? அது நானு. மயில் கழுத்தெல்லாம் இல்ல, அரக்குக் கலரு. ஒப்பட்டு வர்றதுக்கு முன்னாடியே எழுப்பிட்டாங்க என்ன."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றது மேல் பெர்த். அங்கே பூ கட்டிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். "தட்டு புடிச்சது நானு. கற்பூரம் என் வளையல் மேலயே வுழுந்துச்சு."

பெட்டி முழுக்க ஆளாளுக்கு மண்டபம் போக ஆரம்பித்தார்கள். புடவைக் கலருக்குச் சண்டை. பாயசத்துக்குச் சண்டை. ஒருத்தி சாம்பாரில் உப்பில்லை என்றே அடித்துச் சொன்னாள். அந்த இரைச்சலில், சலவைப் பிரிவில் மாதக்கணக்கில் பயன்படாத ஒரு குரல் எழுந்தது.

"நானும்... நானும் ஆரத்தி எடுத்தேன்."

என் குரல்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது. ஆனால் சொல்லிவிட்டேன்.

உண்மையில் அன்று மண்டபத்துக்குப் போனவள் அந்தக் கூச்சலில் சேர்ந்தாளா, பேசாமல் இருந்தாளா என்று கேட்காதீர்கள்.

சரோஜாம்மா கறுப்புக் கண்ணாடியோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு குரலாகத் தேடுகிற மாதிரி. அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார். புடவைத் தலைப்பைக் கண்ணுக்குக் கொண்டு போனார்.

"தொடைக்கக் கூடாதும்மா, ஆபரேசன் கண்ணு" என்று தேவி கையைப் பிடித்துத் தடுத்தாள்.

அவர் கோமளாக்கா பக்கம் திரும்பினார். குரலில் அன்றைய கடுமை இல்லை.

"ஏம்மா... உனக்குன்னு சொந்தமா ஒரு கதையும் கெடையாதா?"

கோமளாக்கா யோசித்தார்.

"ஃபிரிட்ஜு என்னுதுங்க" என்றார்.

முதலில் சிரித்தது சரோஜாம்மாதான். இந்த முறை வாயை மூடிக்கொள்ளவில்லை. அன்று ஒயிட்ஃபீல்டு எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது.

ரயில் பெங்களூருக்குள் நுழையும்போது அவர் கோமளாக்காவைக் கிட்டே இழுத்துக் காதில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். கொஞ்சம் நீளமான விஷயம். நடுவில் நிறுத்தினார், தொடர்ந்தார். கேட்கக் கேட்க அக்காவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் இரக்கம். அப்புறம் அடக்க முடியாத சிரிப்பு.

"நீயே சொல்லிக்கோ" என்று முடித்தார் சரோஜாம்மா. "என் பேரு மட்டும் வரக் கூடாது."

"வராதுங்க" என்றார் அக்கா.

மறுநாள் பங்காரப்பேட்டை தாண்டியதும் கோமளாக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். 'நான்' என்று ஆரம்பித்தார். புதுக் கதை. வயிறு வலிக்கச் சிரித்தோம். யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

பிகாரெஸ்க் என்றால் போக்கிரி சொல்கிற தன் கதை என்று யமுனா சொல்லிக்கொடுத்தாள். சரிதான். படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அதோடு எங்கள் பெட்டியில் நான் தெரிந்துகொண்டதையும் சேர்த்துக்கொள்கிறேன். பசியோடு பண்ணுகிற தப்புக்கு ஒரு துணை வேண்டும். தனியாக வைத்துக்கொண்டால் அது அவமானம். யாராவது ஒருத்தி வாங்கிக்கொண்டு 'நான்தான்' என்று சொன்னால் அது கதை.

யமுனாவுக்கும் சதீஷுக்கும் தை மாதம் கல்யாணம். பேசி முடிக்கப் போனபோது நானும் இருந்தேன். நகை, சீர் என்று கோமளாக்கா ஒன்றும் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். மண்டப வாசலில் யாரையும் நிறுத்தி, நீங்க பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்கக் கூடாது.

"வாசல்ல நானே நிக்கறேன்" என்றார் சரோஜாம்மா.

ஒப்பட்டு உண்டு. பசியோடு வாங்க!